பெண் பார்த்த வீட்டில் நான் கை நனைத்த கதை

கண்ணு,

சாப்பிட்டாயா, உடம்பு சௌக்கியமா என்று கேட்டுத்தான் உனக்கு எழுத ஆரம்பிப்பேன். இந்தத் தடவை சாப்பாட்டுப் பேச்சை எடுத்தாலே உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். "ஒரு வேளைச் சோற்றுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று எழுதியிருந்தாய். நீ கேட்டது சரியான கேள்வி. உடனே பதில் எழுதாமல் இருந்தது வருத்தத்தினால் இல்லை. எழுதுவதற்கு முன்னால் பெண் வீட்டுக்கு, எருமப்பட்டிக்கு, இன்னொரு தடவை போய்வர வேண்டியிருந்தது. நேற்றுப் போய்வந்துவிட்டேன். அதனால் இன்றைக்குத் தலை நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மாமன் உனக்கு எழுதியது பொய் இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் நான் கை நனைத்தது நிஜம். கோயமுத்தூர் மில்லில் உன்னோடு வேலை பார்க்கிற வெளியூர்ப் பையன்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சாப்பிட்டதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் பெண்ணிடம் என்ன குறை கண்டார்களோ என்று ஊர் வாய் மெல்லும். பையனுக்கு ஒன்றும் ஆகாது, பெண்ணின் பேர்தான் கெடும். இதெல்லாம் தெரிந்த மனுஷன், நாலு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போய்வருகிறவன், எதற்காக இலையில் போய் உட்கார்ந்தான் என்பதுதான் நீ கேட்டிருக்க வேண்டியது. அதைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும், பொறுமையாகப் படி.

நீ ஈரோட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நீரிழிவு வந்தது உனக்குத் தெரியும். ஒரு லீவுக்கு நீ வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாய். சட்டை கொடியில் காய்கிற மாதிரி என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில் எனக்கு இருந்த பசியை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. ஒரு குண்டாச் சோறு தின்றுவிட்டு எழுந்திருக்கும்போதே மறுபடியும் பசிக்கும். தின்னத் தின்ன இளைத்தேன். அப்போது பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: பட்டினி கிட. கீரை, மோர், மூன்று தடவை வேகவைத்து நீரைக் கொட்டிய காய். அவ்வளவுதான் ஆகாரம். பசி உன்னைக் கொல்ல வந்த எதிரி, அதன் பேச்சைக் கேட்காதே என்றார்கள். நான் கேட்பேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அதனால் அடுக்களை அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ராத்திரியில் நான் புரண்டால் அவள் கை முதலில் சாவிக்குத்தான் போகும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காடு தோட்டம் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உயிரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் சேலத்து டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். வயிற்றுக்குப் பின்னால் மாட்டு நாக்கு மாதிரி நீளமாக ஓர் உறுப்பு இருக்கிறது, கணையம் என்று பேர், அது இரண்டு விதமாகச் சுரக்கிறது என்று அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒன்று குழாய் வழியாகக் குடலுக்குப் போய்ச் சோற்றையும் பருப்பையும் கரைக்கும். இன்னொன்று குழாயே இல்லாமல் நேரே ரத்தத்தில் கலந்து, சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி செய்யும். எனக்கு இரண்டாவது வற்றிப்போயிருந்தது. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்ததை ஊசியில் போட வேண்டும் என்றார். நான் தினம் குத்திக்கொள்ளப் பயந்து, அதை மோரில் கலந்து குடித்துவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். "குடிச்சா குடலுக்குப் போகும். அங்கே கணையத்தோட முதல் சுரப்பு காத்துக்கிட்டிருக்கும். பருப்பைக் கரைக்கிற மாதிரி இதையும் கரைச்சுடும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிதான், ஆனா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்" என்றார். மாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அம்மா வெளியே போய் நின்றுகொண்டாள். ஊர் திரும்பி நம் தோட்டத்து எருதுகளைக் கண்டதும்தான் வாய் திறந்தாள். "நமக்கு உழுது போட்டது பத்தாதுன்னு உசுரையும் குடுக்குதுக. குத்திக்குங்க. நாளையிலிருந்து அதுகளுக்கு நாந்தான் தண்ணி காட்டுவேன்" என்றாள். இன்றுவரை அவள்தான் காட்டுகிறாள்.

மருந்துப் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைப்போம். காலையில் ஊசியைக் கொதிக்கவைத்துத் தொடையில் குத்திக்கொள்வேன். சதை பிடித்தது, நடை வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஒரு நாள் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போயிருந்தோம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருந்தேன். வெயில் ஏறியதும் வயிறு பிசைய ஆரம்பித்தது. பழைய பசி மாதிரி இல்லை. உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி உறுமல். வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. உன் அம்மாவிடம், "பசி கொல்லுது, எதாச்சும் வாங்கிக் குடு" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிய அடக்குங்க. அடக்கித்தானே இத்தன நாளா உசுரோட இருக்கறீங்க" என்றாள். நானும் நல்ல பிள்ளை மாதிரி அடக்கினேன். புளி மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. அங்கே ஒரு கரும்புச்சாறு விற்கிறவன், வெயிலுக்கு மயங்கிவிட்டான் இந்த ஆள் என்று வாயில் சாறு ஊற்றினான். அவன் தண்ணீர் ஊற்றியிருந்தால் உனக்கு இன்று பதில் எழுத ஆள் இல்லை.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்டினார். அவர் சொன்னதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள், ஏனென்றால் என் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது. "அப்போ வந்த பசி பொய்ப் பசி. உள்ளே சர்க்கரை நிறைய இருந்தும் எடுத்துக்க முடியாம உடம்பு அழுதது. இப்போ வர்றது நிஜப் பசி. ஊசி மருந்து ரத்தத்துல சர்க்கரையை இறக்குது. அளவுக்கு மேல இறங்கினா மூளைக்குத் தெரிஞ்சுடும். மூளை உடனே நரம்பு வழியா வயித்துக்கு ஆள் விடும். வயிறு பிசையும், அமிலம் சுரக்கும், சத்தம் போடும். மருந்து வயித்துப் பக்கமே போகலை, ஆனாலும் வயிறு அதுக்குக் கட்டுப்படுது. அது கூப்பிட்டா நீங்க தின்னணும். யோசிச்சுக்கிட்டு நின்னா அடுத்தது வேர்வை, அதுக்கடுத்து புத்தி தடுமாறும், அப்புறம் தின்னணும்னே தெரியாது" என்றார். உன் அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்த மேஜை மேலேயே வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் இவரிடம் கொடுங்கள் அம்மா, எனக்கு எதற்கு உங்கள் சாவி என்று டாக்டர் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் வேட்டி மடிப்பில் ஒரு வெல்லக் கட்டி இருக்கும்.

இதில் உனக்கு ஒரு புத்தி சொல்லவேண்டும் என்றால் இதுதான்: ஒரு காலத்தில் உன்னைக் காப்பாற்றின கட்டுப்பாடு இன்னொரு காலத்தில் உன்னைக் கீழே தள்ளும். உன் அம்மா என்னைப் பட்டினி போட்டதும் அன்பு, சந்தையில் சோறு தராததும் அதே அன்பு. அன்பு மாறவில்லை, நோயின் நிலைமை மாறிவிட்டது. எதற்காக ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கச் சோம்பல்பட்டதற்கு நான் புளி மூட்டையில் விழுந்தேன்.

இவ்வளவும் நம் வீட்டுச் சுவருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உன் மாமனுக்கும் தெரியாது. மறைத்து வைத்திருந்தது நான்தான். குடும்பத்தில் சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். உனக்குக்கூட ஊசி போடுகிறேன் என்று சொன்னேனே தவிர, அந்த ஊசி என் வயிற்றை இப்படி ஆட்டிவைக்கிறது என்று சொன்னதில்லை.

இப்போது எருமப்பட்டிக்கு வருகிறேன். விடியற்காலையில் ஊசி போட்டு, களி தின்றுவிட்டு, நானும் உன் மாமனும் பஸ் ஏறினோம். யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து பஸ்கள் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுவது உனக்குத் தெரியும். மேடு வந்தால் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன், சும்மா நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தால் அடுத்த மேடு. இரண்டாவது மேட்டிலேயே வயிறு கூப்பிட்டுவிட்டது. மடிப்பில் இருந்த வெல்லத்தைத் தின்றேன். நாமக்கல்லில் இறங்கியதும் ஓட்டலில் உட்கார்ந்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று திட்டம். உன் மாமன் விடவில்லை. "ராகுகாலம் வர்றதுக்குள்ள அவுங்க ஊட்டுல கால் வெக்கோணும் மச்சான். திரும்பி வந்து சாப்புட்டுக்கலாம்" என்று வண்டியில் ஏற்றிவிட்டான். எனக்குச் சாப்பிடாமல் முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். சொல்லவில்லை.

பெண் வீட்டார் நல்ல விவசாயிகள். பெரிய கிணறு, கடலைக்காய் போட்ட மேட்டுக் காடு. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து வெற்றிலைத் தட்டை வைத்தார்கள். தட்டில் ஒரு வாழைப்பழம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி பழத்தைப் பேச்சு முடிந்த பிறகுதான் வைப்பார்களாம். உன் மாமன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து பருப்பு தாளிக்கிற வாசனையும் காய்ச்சின நெய் வாசனையும் வந்தன. என் வயிறு போட்ட சத்தத்தில் பெண்ணின் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வெற்றிலையை எடுக்கப் போன விரல் தட்டில் டகடகவென்று அடித்தது. அதற்குப் பிறகு நான் நினைத்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். எழுந்தேன், அடுக்களைப் பக்கம் போனேன், யாருக்காகவோ போட்டிருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். "ஒரு வாய் சோறு போடுங்க சாமி" என்றேன். பின்னால் உன் மாமன், "மச்சான்! மச்சான்!" என்று கத்தினது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

அங்கே நின்றிருந்த பெண்தான் சோறு போட்டாள். நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுப் பிசையச் சொன்னாள். எனக்குப் புத்தி திரும்பினபோது நான் பாதி இலையைக் காலி செய்திருந்தேன். வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். "கை நனைச்சுட்டாங்க! எங்களக் கேக்காமயே வந்து உக்காந்து கை நனைச்சுட்டாங்க!" என்று பெண்ணின் அப்பா அழாத குறையாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை போய்க்கொண்டிருந்தது. உன் மாமன் தலையில் அடித்துக்கொண்டு, அப்புறம் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டு, வெற்றிலை மாற்றினான். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்து, இது சம்மதம் இல்லை, எனக்கு வியாதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வயிற்றுக்கு வந்த தைரியம் வாய்க்கு வரவில்லை.

ஆகவே நீ எழுதினது என்னைச் சுட்டது. மாமன் சொல்கிறான், "பையன் கொஞ்ச நாளு மொனகுவான், அப்பறம் தாலி கட்டிருவான், உடுங்க மச்சான்" என்று. அப்படித்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கு, அவர்களுக்குக் கொடுத்ததாக ஆகிப்போன வாக்கு, இரண்டையும் ஒரே மனுஷன் வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நேற்று உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எருமப்பட்டிக்குப் போனேன். மடிப்பில் வெல்லம் இருந்தது. நாமக்கல்லில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

அந்த வீட்டு வாசலில் பெண்ணின் அப்பா, அவர் பங்காளிகள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். நோய், பட்டினி, அலமாரிச் சாவி, மாட்டிலிருந்து எடுத்த மருந்து, சந்தையில் விழுந்தது, எதையும் விடவில்லை. "அன்னைக்கு இங்க கை நனைச்சது நான் இல்லீங்க, அந்த ஊசி. எம் பையன் உங்க பொண்ணப் பாக்கவே இல்ல. அவனக் கேக்காம எனக்குச் சம்மதம் சொல்ல உரிமை இல்லீங்க" என்றேன். தொடையில் ஊசிக் காய்ப்பைக்கூடக் காட்டினேன். பெண்ணின் அப்பா முகம் செத்துப்போய்விட்டது. "ஊரு பூராச் சொல்லிப்போட்டமுங்க. இனி எம் புள்ளைய எவன் கேப்பான்? ஏனுங்க, இத அன்னைக்கே சொல்லக்கூடாதுங்களா?" என்றார். சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான் என்றேன். "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல, மாப்புள்ள ஊட்டுக்காரன் நோயாளி, அவந்தான் வாக்க மாத்துனான்னு நானே உங்க ஊரு மாரியம்மன் கோயில்ல வந்து சொல்றேனுங்க" என்றேன். சொல்வேன் என்றால் சொல்வேன். எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் மறைத்துவைத்த பாரம் இறங்கினதில் எனக்கு நடையே மாறிப்போயிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வெளியே வந்தாள். பாவாயி என்று பேர். அன்றைக்கு எனக்குச் சோறு போட்ட அதே பெண். அவள் அப்பா உள்ளே போகச் சொன்னார், அவள் போகவில்லை. என்னைப் பார்த்து, "உங்க பையனுக்கும் இந்த நோவு வருமுங்களா?" என்று கேட்டாள்.

"வரலாம் சாமி, வராமயும் போலாம். டாக்டருக்கே தெரியாது" என்றேன்.

அவள் உன் அம்மாவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கே அந்தச் சாவி இன்னும் தொங்குகிறது, பழக்கம் விடவில்லை. "அப்புடி வந்துச்சுன்னா, பசிக்குதுன்னு நாலு பேருக்கு முன்னால அவரு வாயத் தொறந்து சொல்லுவாருங்களா? இல்ல, உங்களாட்டம் வெளிய தெரியாம மறைச்சுக்கிட்டு, கட்டுனவளச் சாவியோட பொறத்தால அலைய வெப்பாருங்களா? அதக் கேட்டுச் சொல்லுங்க. நீங்க சாப்புட்டது உங்க நோவுக்கு. அதுல எங் கண்ணாலம் முடிஞ்சுபோச்சுன்னு ஆரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். என்னையும் ஆரும் கேக்கலீங்களே" என்றாள்.

உன் அம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக உன் அம்மா என் பசிக்குக் காவல் இருந்தாள். அது அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது. வண்டியில் வரும்போது கேட்டேன். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

இனி நீ சுதந்திரமானவன். உன்னை எந்தச் சோறும் கட்டவில்லை. அந்தப் பெண்ணும் சுதந்திரமானவள், அதை அவளே வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உனக்காக நான் ஒரு தடவை பதில் சொன்னது போதும். நன்றாக யோசி. உனக்குள்ளே பதில் இருந்தால், மில்லில் லீவு கேட்டுக்கொண்டு எருமப்பட்டிக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். இல்லாவிட்டால் போகாதே. அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட நல்லவன் கிடைக்கட்டும்.

அப்பா